அச்சகம் சொந்தம், சர்வர் யாருடையது?

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பிறகு அதற்கென்று சொந்த அச்சகமும் வைத்தார். அயோத்திதாசர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். எழுத்து யாருடையது என்பதோடு, அச்சு இயந்திரம் யாருடையது என்ற கேள்வியும் அன்றே இருந்தது.

2010களின் தொடக்கத்தில் வந்த ‘தலித் கேமரா’ பெரிய ஊடகங்கள் எட்டிப் பார்க்காத இடங்களுக்குப் போனது. பதிவுகள் நம்முடையவை, இயந்திரம் யூடியூபுடையது. மூன்று காப்புரிமைப் புகார் நின்றால் சேனலையே நீக்கலாம் என்பது அதன் விதி.

எங்களுக்கும் பட்டுத்தான் புத்தி வந்தது. ஆவடியில் ஓர் ஏப்ரல் 14 கூட்டம். பக்கத்து ஒலிபெருக்கியில் ஓடிய சினிமாப் பாட்டு மைக்கில் விழுந்தது. நேரலையைத் தளம் துண்டித்துவிட்டது. பேச்சில் பாதி யாருக்கும் போய்ச்சேரவில்லை.

இணையத்தில் ஒலி பரப்புவது 1995இல் ரியல் ஆடியோவோடு பரவலானது. அப்போது சர்வர் மென்பொருள் காசுள்ளவர்களின் பொருள். 1999இல் ஆப்பிள், டார்வின் சர்வரின் மூலநிரலைத் திறந்துவிட்டது. ஆனால் உண்மையான திருப்பம் 2009. காணொளியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, சாதாரண வெப் சர்வர் வழியாகவே அனுப்பும் எச்எல்எஸ் முறை அந்த ஆண்டு வந்தது. ஆர்டிஎம்பி முறையின் விவரங்களை அடோபி வெளியிட்டதும் அதே ஆண்டுதான். 2012இல் என்ஜின்எக்ஸுக்கான ஆர்டிஎம்பி இணைப்பு இலவசமாகக் கிடைத்தது. கேமராவிலிருந்து ஓபிஎஸ், அங்கிருந்து என்ஜின்எக்ஸ், பிறகு பார்ப்பவரின் போன். கற்ற தோழர் ஒருவர் இருந்தால் ஒரு மாலை வேலை.

நடத்துவதுதான் பாடு. 200 பேர் பார்த்தால், ஆளுக்கு 1 எம்பிபிஎஸ் வீதம் 200 எம்பிபிஎஸ் வெளியே போக வேண்டும். வீட்டு இணைப்பு திணறும். ஆகவே வாடகை சர்வர் எடுத்தோம். அதுவும் முழுச் சொந்தமல்ல, ஆனால் கோப்புகளை எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடலாம். இன்னொன்று: ஸ்ட்ரீம் கீயை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது கையில் கிடைத்தவர் நம் பெயரில் எதையும் ஒளிபரப்பலாம்.

1960களில் தொழிற்பேட்டையான அம்பத்தூரில் இன்று தரவு மையங்கள் நிற்கின்றன. என்டிடியின் வளாகம் 2023இல் திறந்தது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் அப்படியொரு கட்டடத்துக்குக் காவலுக்குப் போகிறார். உள்ளே என்ன ஓடுகிறது என்று எங்களிடம்தான் கேட்டார்.

அன்று துண்டிக்கப்பட்ட ஆவடிப் பேச்சு கேமராவின் அட்டையில் முழுதாக இருந்தது. இப்போது இரண்டு வட்டுகளில், இரண்டு வீடுகளில் இருக்கிறது. எங்கள் சர்வரில் முதலில் ஏற்றியது அதைத்தான்.