ஆவணக் கையுறை

ஆவணக் கையுறை என்பது காகித ஆவணங்கள், ஓலைச்சுவடிகள், ஒளிப்படங்கள், அலுவலகக் கோப்புகள் ஆகியவற்றைக் கையாளும்போது அணியப்படும் உறையாகும். கையிலுள்ள வியர்வையும் எண்ணெய்ப்பசையும் ஆவணத்தில் படியாமல் தடுப்பதும், ஆவணத்திலுள்ள பூஞ்சை, தூசி, பூச்சிகொல்லி ஆகியவற்றிலிருந்து கையைக் காப்பதும் இதன் பயன்களாகும். எனினும் எல்லா ஆவணங்களுக்கும் கையுறை ஏற்றதன்று.

பருத்திக் கையுறையும் வெறுங்கையும்

பழைய ஆவணங்களை வெள்ளைப் பருத்திக் கையுறை அணிந்தே தொடவேண்டும் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் பருத்தி விரல்நுனியின் தொடு உணர்வைக் குறைக்கிறது. அதன் இழைகள் கிழிந்த ஓரங்களில் சிக்குகின்றன. அது உறிஞ்சும் வியர்வை காகிதத்தைச் சென்றடைகிறது. 2005இல் காத்லீன் பேக்கர், ராண்டி சில்வர்மேன் ஆகியோர் எழுதிய கட்டுரை இக்கருத்தை மறுத்தது. பெரும்பாலான காகித ஆவணங்களுக்குக் கழுவி நன்கு உலர்த்திய கைகளே ஏற்றவை எனப் பிரித்தானிய நூலகம் உள்ளிட்ட பல நூலகங்கள் பரிந்துரைக்கின்றன.

வகைகள்

* நைட்ரைல் கையுறை: ஒளிப்படம், படச்சுருள், உலோகப் பொருட்கள், பூஞ்சை படிந்த கோப்புகள் ஆகியவற்றுக்கு ஏற்றது. மாவு பூசப்படாததாக இருத்தல் வேண்டும்.
* லேட்டக்ஸ் கையுறை: சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். இதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கருக்கச் செய்யும் என்பதால் ஒளிப்படங்களுக்கு ஏற்றதன்று. எண்ணெய் பட்டால் நலிவடையும்.
* ரப்பர் விரலுறை: அன்றாடக் கோப்புப் பணியில் தாள்களை விரைவாகப் புரட்ட உதவுகிறது. எச்சில் தொட்டுத் தாள் புரட்டும் பழக்கத்துக்கு இது மாற்றாகும். நொறுங்கும் நிலையிலுள்ள பழைய தாள்களுக்கு உதவாது.

செங்கல்பட்டு ஓலைக் கணக்குகள்

1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டுப் பகுதியின் சுமார் 2,000 ஊர்களை அளவாய்வு செய்தார். அப்போது ஊர்க் கணக்குகள் ஓலையில் எழுதப்பட்டன. அவற்றின் ஒரு பகுதி தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள திருப்போரூரின் கணக்கும் வடக்குப்பட்டின் கணக்கும் பின்னர் நூலாக வெளியிடப்பட்டன.

இத்தகைய ஓலைகள் காலப்போக்கில் உலர்ந்து எளிதில் ஒடியும். ஓரம் ஒடிந்தால் அங்குள்ள எழுத்தும் அழிந்துவிடும். வேறு படி இல்லாதபோது அத்தகவலை மீட்க இயலாது. எனவே இழை சிக்கும் பருத்திக் கையுறையைத் தவிர்த்து, ஓலையின் அடியில் தாங்கல் கொடுத்துத் தூக்குதல் வேண்டும். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசும்போது நைட்ரைல் கையுறை பயன்படும்.

கடலோரச் சூழல்

மாமல்லபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றின் ஈரப்பதம் மிகுதி. ஒப்பு ஈரப்பதம் நெடுநேரம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை வளரக்கூடும். பூஞ்சை படிந்த கட்டுகளைப் பிரிக்கும்போது நைட்ரைல் கையுறையுடன் முகக்கவசமும் அணிதல் வேண்டும். அக்கையுறையுடன் மற்றக் கோப்புகளைத் தொட்டால் பூஞ்சை பரவும் என்பதால், பணி முடிந்ததும் அதைக் கழற்றி அகற்றிவிட வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* ஓலைச்சுவடி
* ஆவணக் காப்பகம்
* செங்கல்பட்டு மாவட்டம்