எம்பயர் ஸ்டேட் கட்டடம்: ஜன்னலில் தொடங்கிய சிக்கனம்

நியூயார்க் நகரின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931ல் திறக்கப்பட்டது. 102 மாடிகள், 27 லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு. உச்சியில் நின்று ஊரைப் பார்ப்பதற்காகப் பலர் அங்கே போனாலும், அடிப்படையில் அது நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடப்படும் ஓர் அலுவலகக் கட்டடம். இவ்வளவு பழைய, இவ்வளவு பெரிய கட்டடத்தின் எரிசக்திச் செலவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க முடியுமா என்ற கேள்விக்கு, 2009 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட அதன் மறுசீரமைப்புத் திட்டம் ஒரு பதிலைத் தந்தது. இலக்கு 38 சதவீதம். ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் மிச்சம்.

இடித்துவிட்டுப் புதிதாகப் 'பசுமைக் கட்டடம்' கட்டினால் என்ன என்று தோன்றலாம். பழைய கட்டடத்தின் இரும்பையும் சிமெண்டையும் தயாரித்தபோது வெளியேறிய கரியமில வாயு ஏற்கெனவே வளிமண்டலத்தில் இருக்கிறது. புதிய கட்டடம் அதே கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்து அதை ஈடுகட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். பெருநகரங்களில் இன்னும் பல ஆண்டுகளுக்கு நிற்கப்போகிறவை பெரும்பாலும் இப்போது இருக்கும் கட்டடங்களே. எனவே அவற்றைத் திருத்துவதுதான் முக்கியமான வேலை.

முதலில் தேவை, பிறகு இயந்திரம்

ராக்கி மவுண்டன் இன்ஸ்டிடியூட், கிளிண்டன் காலநிலை முயற்சி, ஜான்சன் கண்ட்ரோல்ஸ், ஜோன்ஸ் லாங் லாசால் ஆகிய அமைப்புகள் உரிமையாளருடன் சேர்ந்து 60க்கும் மேற்பட்ட யோசனைகளைப் பரிசீலித்து, எட்டைத் தேர்ந்தெடுத்தன. இந்த எட்டில் நாம் கவனிக்கவேண்டியது அவற்றின் வரிசை.

கட்டடத்தில் 6,500 ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே இரட்டைக் கண்ணாடி இருந்தது. அவற்றைத் தூக்கி எறியாமல், ஐந்தாம் மாடியிலேயே ஒரு பட்டறை அமைத்தார்கள். கண்ணாடிகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்றைப் பொருத்தி, இடைவெளியில் மந்த வாயுவை நிரப்பி, திரும்ப மாட்டினார்கள். பழைய கண்ணாடியில் ஏறத்தாழ 96 சதவீதம் மறுபடி பயன்பட்டது. ஜன்னலடியில் உள்ள 6,000க்கும் மேற்பட்ட நீராவி ரேடியேட்டர்களுக்குப் பின்னால், வெப்பத்தை அறைக்குள்ளேயே திருப்பும் தகடுகளை வைத்தார்கள். அதற்குமுன் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி வெளிச்சுவரைச் சூடாக்கி வீணாகிக்கொண்டிருந்தது. விளக்குகளைத் திருத்தினார்கள். அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் காற்றிலுள்ள கரியமில வாயுவைக்கொண்டு உணர்ந்து, அதற்கேற்ப வெளிக்காற்றை உள்ளிழுக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள்.

இவற்றின் விளைவாக உச்ச நேரக் குளிரூட்டும் தேவை 1,600 டன் குறைந்தது. நம் வீடுகளில் மாட்டும் ஒன்றரை டன் ஏசியில் கணக்கிட்டால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏசிகளை நிறுத்தியதற்குச் சமம். குளிரூட்டும் நிலையத்தை மாற்றிப் பெரிதாக்குவதாக முதலில் இருந்த திட்டம் தேவையற்றுப் போயிற்று. பழைய இயந்திரங்களின் கூட்டை வைத்துக்கொண்டு உள்பாகங்களை மட்டும் மாற்றினார்கள். அதில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் முதலீடு மிச்சமாயிற்று.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய பாடம். நிரல் மெதுவாக ஓடினால் உடனே பெரிய சர்வர் வாங்குவது ஒரு வழி. எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று அளந்து அதைத் திருத்துவது இன்னொரு வழி. கட்டடத்தில் வரிசை மாறிப்போனால் நட்டம் அதிகம். முதலில் பெரிய இயந்திரத்தை வாங்கிவிட்டு, பிறகு ஜன்னலைச் சரிசெய்தால், தேவைக்கு மீறிய அந்த இயந்திரம் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பணக்கணக்கு

கட்டடத்தைப் புதுப்பிக்க உரிமையாளர் ஏற்கெனவே சுமார் 50 கோடி டாலர் செலவழிக்கத் திட்டமிட்டிருந்தார். அதில் எரிசக்தியோடு தொடர்புள்ள வேலைகளுக்கு 9 கோடியே 30 லட்சம் ஒதுக்கப்பட்டிருந்தது. அதோடு 1 கோடியே 30 லட்சத்தைச் சேர்த்ததும் இந்தச் சேமிப்பு கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பும் என்பது கணக்கு. எப்படியும் நடக்கவிருந்த வேலையோடு சேர்த்துச் செய்ததால்தான் இது இயன்றது; தனியாகச் செய்திருந்தால் கட்டுப்படியாகியிருக்காது. மிக அதிக லாபம் தரும் தொகுப்பையும் அவர்கள் எடுக்கவில்லை, மிக அதிகமாகக் கரியைக் குறைக்கும் தொகுப்பையும் எடுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011ல் கட்டடம் லீட் தங்கச் சான்றிதழ் பெற்றது.

வாடகைதாரர் என்னும் முடிச்சு

ஜன்னலும் குளிரூட்டும் இயந்திரமும் உரிமையாளர் கையில். விளக்கு, கணினி, சர்வர் அறை எல்லாம் வாடகைதாரர் கையில். செலவழிப்பவர் ஒருவர், மிச்சம் அனுபவிப்பவர் இன்னொருவர் என்றால் இருவருமே சும்மா இருந்துவிடுவார்கள். இதற்காகத்தான் வாடகைதாரர்களுக்குத் தனித்தனி மீட்டர்களும், தங்கள் பயன்பாட்டைப் பார்க்கும் வசதியும் திட்டத்தில் சேர்க்கப்பட்டன. ஒப்பந்தம் முடிந்து ஒரு மாடி காலியாகி, புதிதாக அமைக்கப்படும்போதுதான் உள்ளே பெரிய மாற்றங்களைச் செய்யமுடியும். அந்தத் தருணத்தைத் தவறவிட்டால் அடுத்தது பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே வரும்.

இனி இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் அல்ல. நியூயார்க் நகரம் 2019ல் இயற்றிய 97ஆம் எண் உள்ளூர்ச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களின் கரி உமிழ்வுக்கு 2024 முதல் வரம்பு விதித்தது; மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். 2030ல் வரம்பு மேலும் இறுகுகிறது.

அலுவலகத்தைப் புதுப்பிக்கும்போது கம்பளத்தின் நிறத்தையும் நாற்காலியின் வடிவத்தையும் பற்றி எல்லோரிடமும் கருத்துக் கேட்பார்கள். அப்போது கேட்கவேண்டிய கேள்விகள் வேறு: வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது? அதை அளந்தாயிற்றா? இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பா, பின்பா?