மரியன் ஆண்டர்சனுக்குக் கிடைத்த வேஷம்

1955 ஜனவரி 7 அன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் மரியன் ஆண்டர்சன் பாடினார். வசனத்தையும் பாட்டாகவே பாடி நடிக்கிற ஐரோப்பிய இசை நாடகம்தான் ஓபரா. 1883ல் திறந்த அந்த அரங்கில் ஒரு கறுப்பருக்குத் தனிப்பாடகர் வேஷம் கிடைத்தது அன்றைக்குத்தான். கதவு திறந்த நாள் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். சரி, கொண்டாடட்டும். எப்போது திறந்தது, எந்த வேஷத்துக்குத் திறந்தது என்று நாம் கேட்க வேண்டாமா?

1897ல் ஃபிலடெல்ஃபியாவில் ஏழை வீட்டில் பிறந்தவர் மரியன். சிறுவயதில் இசைப் பள்ளியில் சேரப் போனபோது, கறுப்புப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவருடைய தேவாலயத்துச் சனங்கள்தான் காசு சேர்த்துப் படிக்கவைத்தார்கள். 1930களில் ஐரோப்பா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. சொந்த நாட்டில்? 1937ல் பிரின்ஸ்டனில் பாடப் போனவருக்கு ஓட்டலில் அறை தர மறுத்தார்கள். ஐன்ஸ்டைன் தன் வீட்டில் தங்கவைத்தார். 1939ல் வாஷிங்டனில் 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்' என்ற சங்கம் தனது 'அரசியல் சட்ட மண்டப'த்தைத் தர மறுத்தது. பெயர்களைப் பாருங்கள்! ஜனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அந்தச் சங்கத்திலிருந்து விலகினார். ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவிடத்தின் படிகளில் நின்று பாடினார் மரியன். கேட்க வந்தவர்கள் 75,000 பேர். அப்போது அவருக்கு 42 வயசு.

மெட் அவரைக் கூப்பிட்டபோது வயசு 57. குரலின் உச்சக்காலம் போயிருந்தது. கறுப்பரில் ஓபரா பாடகர் இல்லையென்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. அதே ஊரில் நியூயார்க் சிட்டி ஓபரா 1945ல் டாட் டங்கனையும் 1946ல் கமிலா வில்லியம்ஸையும் மேடையேற்றியிருந்தது.

வேஷத்துக்கு வருவோம். வெர்டியின் 'முகமூடி நடனம்' 1859ல் ரோமில் அரங்கேறியது. ஸ்வீடன் ராஜா கொலையான கதை அது. மேடையில் ராஜாவைக் கொல்லக் கூடாது என்று தணிக்கைக்காரர்கள் அடம்பிடித்ததால் கதை பாஸ்டனுக்கு மாறியது. ஸ்வீடன்காரியான குறிசொல்லி அதோடு கறுப்பச்சி ஆகிவிட்டாள். பேர் உல்ரிகா. முதல் அங்கத்தில் ஒரு நீதிபதி அவளை ஊரைவிட்டுத் துரத்தச் சொல்கிறான். அசுத்தமான நீக்ரோ ரத்தம் என்று அவளைக் குறிப்பிடுகிறான். தீட்டு என்ற சொல் நமக்கு மட்டுமே சொந்தமில்லை போலிருக்கிறது. மரியனுக்குக் கொடுத்த வேஷம் இந்த உல்ரிகாதான். மெட்டில் அவர் பாடியதும் இந்த ஒரே வேஷம்தான்.

அன்றைய கைதட்டலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரங்கில் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. அவருக்குப் பின்னால் 1961ல் மிசிசிப்பிக்காரி லியொன்டின் பிரைஸ் வந்து கதாநாயகியாகவே பாடினார். 40 நிமிஷத்துக்கு மேல் கைதட்டல் ஓயவில்லை என்கிறார்கள்.

ஆனால் கறுப்பு ஆண்களின் கதை வேறு. 1953ல் மெட் நடத்திய குரல் தேர்வில் வென்ற ராபர்ட் மெக்ஃபெரின், மரியன் பாடி இருபது நாள் கழித்துத்தான் மேடையேறினார். அவருக்குக் கிடைத்தது 'அய்டா'வில் சிறைப்பட்ட எத்தியோப்பிய ராஜா. அதுவரை வெள்ளையர்களே மேனியில் கறுப்புப் பூசிப் பாடிவந்த வேஷம். நிறம் வேண்டும், ஆள் வேண்டாம். ஒதெல்லோவுக்கு அந்தப் பூச்சை மெட் கைவிட்டது 2015ல். பாடியவர் அப்போதும் வெள்ளையர்தான்.