டீம் புராஜெக்ட்டில் ஏ.ஐ: ஏழாவது ஆளா சேர்க்கலாம்... ஆனா எப்போ?

ஆறு பேர் டீம். கையில் ஒரு பிரச்னை. வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷமே யாராவது ஒருத்தர் ஏ.ஐ-யிடம் கேட்டு, பத்து ஐடியாக்களை குரூப்பில் போட்டுடுவாங்க. 'சூப்பர் மச்சி, மூணாவதை எடுத்துக்கலாம்' என்பார் இன்னொருவர். அவ்வளவுதான், ஐடியா ரெடி!

இதில் என்ன தப்பு? உங்க டீமுக்குள் இருந்து பார்த்தா எதுவுமே தெரியாது. பத்து ஐடியாவும் நல்லாத்தான் இருக்கும். பக்கத்து டீம் ஸ்லைடு போடும்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். அதே ஆப், அதே மூன்று வசதிகள், கிட்டத்தட்ட அதே பெயர்.

'ஏ.ஐ சொல்றதெல்லாம் மொக்கை ஐடியா' என்று ஒதுக்கவும் முடியாது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-ல் வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் வார்ட்டன் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர்கள் ஒரு போட்டி வைத்துப் பார்த்தார்கள். 50 டாலருக்குள், கல்லூரி மாணவர்கள் வாங்கக்கூடிய ஒரு புதுப் பொருள் வேண்டும். ஏ.ஐ வருவதற்கு முன் மாணவர்கள் யோசித்துக் கொடுத்திருந்த 200 ஐடியாக்கள் ஒரு பக்கம், ஜிபிடி-4 கொடுத்த 200 ஐடியாக்கள் மறுபக்கம். 'இதை வாங்குவீங்களா?' என்று மக்களிடம் கேட்டதில் முதல் 40 இடங்களில் 35-ஐ ஏ.ஐ பிடித்தது. ஆனால் 'எது புதுசா இருக்கு?' என்ற கேள்வியில் மாணவர்களின் ஐடியாக்கள்தான் கொஞ்சம் முன்னால் நின்றன.

இப்போ இன்னொரு ஆய்வு. இது 2025-ல் வெளியானது. இதுவும் வார்ட்டன் ஆட்கள் செய்த அலசல்தான். ஒரு செங்கல், ஒரு ஃபேன், இரண்டையும் வைத்து ஒரு பொம்மை கண்டுபிடிக்கணும். சாட்ஜிபிடி துணையோடு யோசித்தவர்களின் ஐடியாக்களில் 94 சதவிகிதம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போனது. அதில் ஒன்பது பேர், ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாமல், தங்கள் பொம்மைக்கு 'பில்டு எ ப்ரீஸ் காசில்' என்று ஒரே பெயரை வைத்திருந்தார்கள். ஒன்பது பேருமே அதைத் தன் சொந்த ஐடியா என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

ஏன் இப்படி நடக்குது?

இந்தக் கருவிகள் மலையளவு எழுத்தைப் படித்துவிட்டு, உங்கள் கேள்விக்கு அடுத்து எந்த வார்த்தை வர வாய்ப்பு அதிகம் என்று கணித்துக் கணித்து எழுதுபவை. எல்லோரும் அடிக்கடி நடந்த பாதைக்கே அதன் கால் முதலில் போகும். நீங்களும் பக்கத்து டீமும் ஒரே கேள்வியைக் கேட்டால், இருவரும் ஒரே தெருவில்தான் வந்து நிற்பீங்க.

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் மாதிரி இடத்தில் இதுதான் பெரிய ஆபத்து. 2017-ல் தொடங்கிய அந்தப் போட்டியில் டீமுக்கு ஆறு பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அங்கே ஒரே பிரச்னையைப் பல டீம்கள் எடுத்துக்கொண்டு மோதும். எல்லோர் கையிலும் ஒரே கருவி இருக்கும்போது, நல்ல ஐடியா மட்டும் போதாது. மத்தவங்ககிட்ட இல்லாத ஐடியா வேணும்.

அது எங்கிருந்து வரும்? ஓர் உதாரணம் பார்ப்போம். 'ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பாடு வீணாவதைக் குறைப்பது எப்படி' என்று ஏ.ஐ-யிடம் கேளுங்க. முன்பதிவு ஆப், சென்சார் வைத்த குப்பைத்தொட்டி, விழிப்புணர்வு போஸ்டர் என்று வரிசையாக வரும். ஆனா உங்க ஹாஸ்டலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறிடுவாங்க, அது தெரியாம மெஸ்ஸில் எல்லோருக்கும் சேர்த்து உலை வைப்பாங்க என்பது அதுக்கு எப்படித் தெரியும்? மெஸ் அண்ணனுக்குத் தெரியும். டீமில் வாயே திறக்காத அந்த ஹாஸ்டல் பையனுக்குத் தெரியும். வியாழக்கிழமை ராத்திரி ஊருக்குப் போறவங்க எண்ணிக்கையை எடுத்து மெஸ்ஸில் கொடுத்தாலே பாதிப் பிரச்னை தீரலாம். அதுக்கு ஆப்பே தேவையில்லை!

அப்போ பழைய மாதிரி வட்டமா உட்கார்ந்து பேசணுமா?

அதுவும் சொல்ற அளவுக்கு ஒழுங்கு கிடையாது. 'பிரெய்ன்ஸ்டார்மிங்' முறையைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரத்துறை ஆசாமி. யாரையும் குறை சொல்லாதே, கிறுக்குத்தனமா இருந்தாலும் சொல், நிறைய சொல் என்பதெல்லாம் அவர் போட்ட விதிகள். ஆனால் 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, கூடி யோசித்தவர்களைவிட, தனித்தனியா யோசித்தவர்களின் ஐடியாக்களைச் சேர்த்தால் எண்ணிக்கை அதிகமாக வந்தது. 1987-ல் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் முக்கியக் காரணத்தைப் பிடித்தார்கள். ஒருத்தர் பேசும்போது மத்தவங்க காத்திருக்கணும். காத்திருக்கும் நேரத்தில் தன் ஐடியா மறந்துபோகும், இல்லைன்னா 'இது எதுக்கு சொல்லிக்கிட்டு' என்று விட்டுவிடுவார்கள். சத்தமா பேசுறவர் ஐடியாதான் கடைசியில் டீம் ஐடியா. நம்ம ஊர் கிளாஸ்ரூமில் இங்கிலீஷில் பேசத் தயங்குறவங்க நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

ஏ.ஐ வந்தபிறகு அந்த சத்தமான ஆளின் இடத்தை போன் பிடித்திருக்கிறது. போனைக் கையில் வைத்திருப்பவர் லீடர், மீதி ஐந்து பேர் ஸ்க்ரீனை எட்டிப் பார்க்கும் ஆடியன்ஸ்.

அதனால் வரிசையை மாத்துங்க. முதல் 15 நிமிஷம் எல்லா போனும் கவிழ்த்து வைக்கப்படணும். ஆளுக்கு ஒரு பேப்பர், ஆளுக்கு ஐந்து ஐடியா. தமிழில் எழுதலாம், தங்கிலீஷில் எழுதலாம், படம்கூட வரையலாம். பெயர் போட வேண்டாம். எல்லா பேப்பரையும் கலந்து, ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். அதில் தேறுவதை எடுத்துப் பேசுங்க. அதுக்கப்புறம்தான் ஏழாவது ஆளைக் கூப்பிடணும்.

கூப்பிட்டாலும் 'ஐடியா கொடு' என்று கேட்காதீங்க. 'எங்க ஐடியா இது. எங்கெல்லாம் சொதப்பும், சொல்லு' என்று கேளுங்க. மெஸ் காண்ட்ராக்டர் இடத்திலிருந்து எதிர்த்துப் பேசு, ஹாஸ்டல் வார்டன் மாதிரி கேள்வி கேள் என்று வேஷம் கட்டிவிடுங்க. இதில் அது செம கில்லாடி. சும்மா விட்டால் எதற்கும் 'அருமையான யோசனை' என்று தலையாட்டும் பழக்கமும் அதுக்கு உண்டு, அதனால் பாராட்டே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிடுங்க. நீங்கள் திரட்டிய விவரங்களையும் கொடுங்க. வெள்ளிக்கிழமை எத்தனை பேர் சாப்பிடுறாங்க, எத்தனை கிலோ அரிசி போடுறாங்க என்ற கணக்கோடு கேட்டால், பக்கத்து டீமுக்குக் கிடைக்காத பதில் உங்களுக்குக் கிடைக்கும்.

இன்னொரு நல்ல உபயோகமும் இருக்கு. புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் 776 ஊழியர்களை வைத்து நடத்திய சோதனை 2025-ல் வெளியானது. வழக்கமாக ஆராய்ச்சிப் பிரிவு ஆட்கள் டெக்னிக்கலாகவும், விற்பனை சார்ந்த பிரிவு ஆட்கள் வியாபார ரீதியாகவும் மட்டுமே யோசிப்பார்கள். ஏ.ஐ துணையோடு யோசித்தபோது அந்தச் சுவர் கிட்டத்தட்ட மறைந்தது. உங்க டீமிலும் மெக்கானிக்கல் படிக்கிறவருக்கு கோடிங் புரியாது, கோடிங் தெரிந்தவருக்கு பட்ஜெட் போட வராது. 'இவர் சொன்னதை எனக்குப் புரியற மாதிரி சொல்லு' என்று தயங்காம கேட்கலாம். தமிழில் யோசித்ததை நல்ல இங்கிலீஷில் பிட்ச் பண்ணவும் உதவும். என்னைக் கேட்டால், ஏ.ஐ-யின் பெஸ்ட் வேலை இதுதான். ஐடியா உங்களுடையது, மொழி மட்டும் கடன்.

ஜட்ஜ் முன்னாலோ வைவாவிலோ வரும் முதல் கேள்வி பெரும்பாலும் 'ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீங்க?' என்பதுதான். பேப்பரில் எழுதி, சண்டை போட்டு, நாலைக் கழித்துக்கட்டி ஐந்தாவதை எடுத்த டீமுக்கு அதற்கு ஆறு பேரிடமும் பதில் இருக்கும். மூணாவதை ஃபார்வர்டு பண்ணின டீம் போன் வைத்திருந்தவர் முகத்தைப் பார்க்கும்.

சில நடைமுறை விஷயங்கள். ஏ.ஐ தரும் புள்ளிவிவரம், ஆய்வுக் கட்டுரையின் பெயர் எதையும் தேடிச் சரிபார்க்காமல் ஸ்லைடில் போடாதீங்க, இல்லாத கட்டுரைக்குக்கூட அழகாகப் பெயர் வைத்துவிடும். சர்வே எடுத்தவர்களின் பெயர், போன் நம்பரை அதில் ஏற்ற வேண்டாம். எந்த அளவுக்கு ஏ.ஐ பயன்படுத்தலாம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி, ஏன் மேடத்துக்கு மேடமே மாறும், ஆரம்பத்திலேயே கேட்டுக்கோங்க. ஏ.ஐ-யோடு பேசிய சாட்டை அழிக்காதீங்க, அந்த ஆறு பேப்பரையும் போட்டோ எடுத்து வைங்க. 'இது உங்க ஐடியாவா?' என்று யாராவது கேட்டால், எடுத்துக் காட்ட அது போதும்.