கோட்டைத் தாண்டி ஓடிய பந்து

1875-இல் சீசன் முடியும் முன்பே, சிகாகோ பேஸ்பால் அணியின் வில்லியம் ஹல்பர்ட் பாஸ்டன் ஆட்டக்காரர்கள் நால்வரைக் கமுக்கமாக வளைத்துப்போட்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த நால்வரில் ஒருவர், இரண்டாம் பேஸில் நின்ற ராஸ் பார்ன்ஸ்.

1850-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். இல்லினாய்ஸின் ராக்ஃபோர்டில் பதின்வயதிலேயே ஆல்பர்ட் ஸ்பால்டிங்கோடு ஆடத் தொடங்கினார். 1871-இல் பாஸ்டன் அணியின் மேலாளர் ஹாரி ரைட் இருவரையும் அங்கே அழைத்துக்கொண்டார். 1872 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பாஸ்டனுக்கே முதலிடம். உள்களத்தில் பெரும்பாலோர் வெறுங்கையால் பந்து பிடித்த காலம் அது.

பார்ன்ஸின் பெயர் நின்றது மட்டையால்தான். அன்றைய விதிப்படி, பந்தின் முதல் துள்ளல் கோட்டுக்குள் விழுந்தால் போதும். பிறகு வெளியே உருண்டாலும் அது நல்ல அடி. பார்ன்ஸ் பந்தைத் தரையில் குத்தி, சுழலவிட்டுக் கோட்டைத் தாண்டி ஓடவிடுவார். எதிரணியினர் துரத்திப் பிடிப்பதற்குள் இவர் பேஸில் நிற்பார். குறுக்குவழி என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. விதி அனுமதித்ததைச் செய்தவரிடம் என்ன குற்றம் காண்பது?

1876-இல் நேஷனல் லீக் பிறந்தது. மே 2 அன்று சின்சினாட்டியில் அதன் முதல் ஹோம் ரன்னை அடித்தவர் பார்ன்ஸ். அந்த ஆண்டு 66 ஆட்டங்களில் 126 ரன்கள், பேட்டிங் சராசரி .429. சிகாகோவுக்குப் பட்டம்.

மறு ஆண்டு விதி மாறியது. பேஸை எட்டும் முன் வெளியே போகும் பந்து இனி செல்லாது. பார்ன்ஸும் அந்த ஆண்டே சரிந்தார்: 22 ஆட்டங்கள், சராசரி .272. விதி மாறியதும் வித்தை தீர்ந்தது என்று எழுதிவைத்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்ற அடிகளும் தெரிந்தவர்தான் அவர். அந்த ஆண்டு அவரை வாட்டியது விடாத குளிர்காய்ச்சல். சீசனின் பெரும்பகுதி அவர் களத்திலேயே இல்லை. உடல் பழைய வலுவுக்குத் திரும்பவும் இல்லை.

ஆடாத நாட்களுக்குச் சிகாகோ அணி சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது. பார்ன்ஸ் நீதிமன்றம் போனார், தோற்றார். நோயுற்ற ஆட்டக்காரருக்குக் கூலி உண்டா என்ற கேள்வியில் அன்றைக்குச் சட்டம் முதலாளி பக்கம்தான்.

1879-இல் சின்சினாட்டியிலும் 1881-இல் பாஸ்டனிலும் ஆடிவிட்டு ஒதுங்கினார். 1915-இல் சிகாகோவில் இறந்தார். கூடவே வளர்ந்த ஸ்பால்டிங்கோ, 1876-லேயே விளையாட்டுச் சாமான் கடை திறந்துவிட்டார். மைதானத்துக்குக் கையுறை மாட்டி வந்து, அதையே கடையில் விற்ற அவருடைய சாமர்த்தியம் அடுத்த வாரம்.

(தொடரும்)