தானப் பதிவேடும் உதிரக் கணக்கும்

முதல் உலக மகாயுத்தத்தின் இறுதிக் காலத்தில், கிரேக்க தேசத்துத் துறைமுகமாகிய சலோனிகாவில் நேசநாட்டுப் படைகள் ஆண்டுக்கணக்கில் முகாமிட்டுக் கிடந்தபோது, செர்பிய ராணுவத்துக்காக அங்கே ஆய்வுக்கூடம் நடத்திவந்த லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற போலந்து வைத்தியருக்கும், தாமும் வைத்தியராகிய அவருடைய மனைவி ஹன்னாவுக்கும், அதற்குமுன் எந்த ஆராய்ச்சியாளருக்கும் கிட்டாத ஒரு சந்தர்ப்பம் கிட்டிற்று. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் ரஷ்யரும், செனகல் நாட்டாரும் மடகாஸ்கர் தீவினரும் அன்னாமியரும், நம் இந்தியச் சிப்பாய்களும், சொந்தச் செலவில் உலகைச் சுற்றினாலும் ஓர் ஆயுளில் பார்த்துமுடிக்க முடியாத ஜனங்கள், ஒரே நகரத்தின் சுற்றுப்புறத்தில் கூடியிருந்தனர்.

மனிதர் இரத்தம் எல்லாம் ஒரே இனம் அன்று என்பதை வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். அந்தப் பிரிவு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்கும் குணம் என்பதை 1910-இல் ஹைடல்பர்க்கில் ஃபான் டுங்கர்ன் என்பாருடன் சேர்ந்து நிலைநாட்டியவர் இதே ஹிர்ஷ்ஃபெல்ட்தான். பரம்பரையாக இறங்குவது தேசத்துக்குத் தேசம் எந்த விகிதாசாரத்தில் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை அவருக்கு எழுந்தது இயல்பே. ஆனால் நோயில்லாத சிப்பாயை ஊசிக்குக் கை நீட்டச் செய்வது எளிய காரியமா? ஆங்கிலேயரிடம் சாஸ்திர ஆராய்ச்சி என்று சொன்னதே போதுமானதாக இருந்ததென்றும், பிரெஞ்சு நண்பர்களிடம், யாருடன் பயமின்றிப் பாவம் செய்யலாம் என்பது இதனால் தெரியவரும் என்று பரிகாசம் செய்ததாகவும், ஆப்பிரிக்கச் சிப்பாய்களிடம், விடுமுறைக்கு யார் தகுதியுடையவர் என்பதை இரத்தமே காட்டிவிடும் என்றவுடன் கைகள் தாமாக நீண்டதாகவும் தமது சுயசரிதத்தில் அவர் எழுதுகிறார். கடைசி உபாயத்தைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை.

1919-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியான அட்டவணையின்படி, ஆங்கிலேயருள் நூற்றுக்கு 43 பேர் ஏ பிரிவினர், 7 பேர் மட்டுமே பி பிரிவினர். சோதிக்கப்பட்ட ஆயிரம் இந்தியருள்ளோ ஏ 19 சதவீதம், பி 41 சதவீதம். மேற்கிலிருந்து கிழக்கே செல்லச் செல்ல ஏ குறைந்து பி மிகுவதைக் கண்ட தம்பதியர், மனிதகுலம் இரண்டு மூலஸ்தானங்களில் தோன்றியிருக்க வேண்டும் என்றும், பி பிரிவின் மூலஸ்தானம் இந்தியாவே என்றும் ஊகித்தனர். அந்த ஊகத்தை இன்று ஒருவரும் ஏற்பதில்லை. ‘இந்தியர்’ என்று ஒரே தலைப்பின்கீழ் எழுதிவைத்ததும் பொருந்தவில்லை. வடக்கே பி முதலிடம் பெறுகின்ற இந்தத் தேசத்தில், தமிழ்நாடு முதலிய தென் பிரதேசங்களில் ஓ பிரிவே முதலிடம் பெறுகிறது என்பது பின்வந்த கணக்குகளில் தெளிவாயிற்று.

சிப்பாய்க்கு அடுத்தபடியாக இந்த ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தவர் இரத்த தானம் செய்வோர். லண்டனில் 1921-இல் பெர்சி ஆலிவர் என்ற செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர், ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வேண்டும் என்று செய்தி வந்தபோது சக தொண்டர்களுடன் தாமே சென்று, பிறகு தானம் செய்ய இசைவோரின் பட்டியலை வைத்துக்கொள்ளத் தொடங்கினார். 1939-இல் இரண்டாவது யுத்தம் மூண்டதும், லண்டனைச் சுற்றி ஸ்லௌ, லூட்டன், சட்டன், மெய்ட்ஸ்டன் என்னும் நான்கு ஊர்களில் இரத்தக் கிடங்குகள் திறக்கப்பட்டன. ஸ்லௌ கிடங்கை நடத்தியவர் ஜேனட் வான் என்ற பெண் வைத்தியர். உருவம் சற்றே மாற்றிய பால் புட்டிகளில் இரத்தத்தைப் பிடித்து, ஐஸ்கிரீம் விற்கும் வண்டிகளில் ஏற்றி அனுப்பிய அந்த நாட்களில், தானம் செய்ய வந்த ஒவ்வொருவருக்கும் பெயரும் விலாசமும் இரத்தப் பிரிவும் குறித்த ஓர் அட்டை எழுதப்பட்டது.

இந்த அட்டைகளின் மதிப்பை உடனே உணர்ந்தவர் புள்ளியியல் மேதையான ரொனால்டு ஃபிஷர். தென் இங்கிலாந்தில் குடியிருந்தாலும் வேல்ஸ் நாட்டுக் குடும்பப் பெயர் தாங்கியவர்களைத் தனியே பிரித்தெடுத்து, மற்றவர்களைவிட அவர்களிடம் ஓ பிரிவு மிகுந்திருப்பதை அவரும் ஜேனட் வானும் 1939-இலேயே ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டனர். பாட்டன் முப்பாட்டன் ஊரைவிட்டுப் பெயர்ந்து எத்தனை காலம் ஆனாலும், பெயரோடு உதிரமும் கூடவே வந்திருந்தது. யுத்தத்துக்கென்று எழுதிய அட்டை சரித்திரத்துக்கும் சாட்சியாயிற்று.

ஆயினும் தானப் பதிவேட்டை அப்படியே ஜனத்தொகையின் படமாக எடுத்துக்கொள்வது சரியன்று என்பது என் அபிப்பிராயம். அவசரத்தில் யாருக்கும் கொடுக்கலாம் என்று கருதப்பட்ட ஓ பிரிவினரே மீண்டும் மீண்டும் அழைக்கப்படுவர். புட்டிகளை எண்ணினால் ஓ பெருகித் தோன்றும், முதல் முறை சோதிக்க வந்த ஆட்களை எண்ணினால்தான் உண்மை கிட்டும். ஊரில் ஒரு சமூகம் தானத்துக்கு முன்வந்து மற்றொன்று ஒதுங்கி நிற்குமானால், கணக்கும் அந்தப் பக்கமே சாயும். இத்தகைய கணக்குகளையெல்லாம் உலகம் முழுவதிலிருந்தும் திரட்டி ஆர்தர் மோரண்ட் 1954-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டபோது, ஏ, பி மட்டுமின்றி, ஆர்எச், கெல், டஃபி என்று புதிய அடையாளங்களும் சேர்ந்துவிட்டன. ஆர்எச் இல்லாதவர் ஐரோப்பாவில் நூற்றுக்கு 15 பேர் அளவில் இருக்க, இந்தியாவில் ஐந்து பேர் அளவிலேயே இருக்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவிலோ டஃபி அடையாளங்கள் இரண்டுமே ஏறக்குறைய எவரிடமும் இல்லை. அவை இல்லாத சிவப்பணுக்களுள் வைவாக்ஸ் என்னும் மலேரியாக் கிருமி எளிதில் நுழைய முடியாது என்பது 1970-களில் புலப்பட்டது.

இவ்வளவு பெரிய கணக்கிலும் அகப்படாத ஒன்று பம்பாயில் அகப்பட்டது. 1952-இல் டாக்டர் பெண்டேயும் அவருடைய தோழர்களும், சோதனையில் ஓ பிரிவினர்போலத் தோன்றி, ஓ பிரிவு இரத்தத்தையும் ஏற்காத மூவரைப் பற்றி எழுதினர். ஏ, பி இரண்டுக்கும் அடிப்படையாக, ஓ பிரிவினரிடம் நிறைந்திருக்கும் எச் என்னும் பொருளே அவர்களிடம் இல்லை; அதற்கு எதிரான சத்து அவர்களுடைய பிளாஸ்மாவில் இருந்தமையால், தம்மைப் போன்றவரின் இரத்தமன்றி வேறெதுவும் அவர்களுக்கு ஒவ்வாது. இந்தியாவில் ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒருவர் என்றும், ஐரோப்பாவில் பத்து லட்சத்தில் ஒருவர் என்றும் மதிப்பிடப்படும் இவர்களை, சிவப்பணுவை மட்டும் பார்க்கும் சோதனையில் கண்டுபிடிக்க இயலாது. தானம் செய்ய வந்தவருடைய சீரத்தை எடுத்து, அதில் ஓ பிரிவு அணுக்களைக் கலந்து, அவை திரண்டு கட்டியாகின்றனவா என்று கவனித்தாலொழிய, பம்பாய்ப் பிரிவினர் பதிவேட்டில் ஓ என்றே எழுதப்பட்டு, ஓ என்றே அழைக்கப்படுவர்.