நோயெதிர்ப்பு ஒடுக்கி மருந்துகளின் இடைவினைகள்

நோயெதிர்ப்பு ஒடுக்கி மருந்துகளின் இடைவினைகள் எனப்படுவன, உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைத் தணிக்கும் மருந்துகளை உட்கொள்ளும் ஒருவர், அவற்றுடன் வேறு மருந்துகளையோ சில உணவுகளையோ மூலிகைகளையோ சேர்த்துக்கொள்ளும்போது ஏற்படும் மாற்றங்கள் ஆகும். சிறுநீரகம், கல்லீரல், இதயம் முதலிய உறுப்புகளை மாற்றிப் பொருத்திக்கொண்டவர்கள் பொதுவாக வாழ்நாள் முழுவதும் இம்மருந்துகளை எடுத்து வருகின்றனர். குருதியில் மருந்தின் அளவு குறைந்தால் உடல் புதிய உறுப்பை அயற்பொருளாகக் கருதித் தாக்கும். இது உறுப்பு நிராகரிப்பு எனப்படும். அளவு மிகுந்தால் சிறுநீரகப் பாதிப்பு, கைநடுக்கம், வலிப்பு, கடுமையான தொற்று ஆகியன தோன்றலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை மிகக் குறுகியது. ஆகவே, பிற மருந்துகளில் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு சிறு இடைவினை இங்கு பொருத்திய உறுப்பையே இழக்கச் செய்யலாம்.

முதன்மையான மருந்துகள்

சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், சிரோலிமஸ் ஆகிய மூன்றும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்து கண்டெடுக்கப்பட்டவை. சைக்ளோஸ்போரின் நார்வே நாட்டு மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்டது. அதன் நோயெதிர்ப்பு ஒடுக்கும் தன்மை 1972 இல் சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தில் அறியப்பட்டது. 1983 இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. டாக்ரோலிமஸ் 1984 இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்தும், சிரோலிமஸ் ஈஸ்டர் தீவின் மண்ணிலிருந்தும் கிடைத்தன. இவற்றுக்கு முன்பிருந்தே அசத்தியோப்பிரினும் பிரெட்னிசோலோனும் பயன்பாட்டில் உள்ளன. மைக்கோஃபீனோலேட் பின்னர் வந்தது.

இடைவினை நிகழும் விதம்

சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ், சிரோலிமஸ் ஆகியவற்றைச் சிதைப்பது சிஒய்பி3ஏ4 என்னும் நொதி ஆகும். இது கல்லீரலில் மட்டுமன்றிக் குடற்சுவரின் உயிரணுக்களிலும் உள்ளது. அதே குடற்சுவரில் உள்ள பி-கிளைக்கோபுரதம், உள்ளே நுழைந்த மருந்தை மீண்டும் குடலுக்குள்ளேயே வெளியேற்றும் ஓர் இறைப்பி போலச் செயற்படுகிறது. இவ்விரு தடைகளையும் கடந்து குருதியை அடைவது, விழுங்கிய டாக்ரோலிமஸில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மட்டுமே. மருந்தின் அளவு இந்த இழப்பைக் கணக்கில் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. எனவே நொதியைத் தடுக்கும் பொருள் ஒன்று உடலுக்குள் வந்தால், மாத்திரையின் அளவு மாறாமலேயே குருதியில் மருந்து பெருகும்; நொதியைத் தூண்டும் பொருள் வந்தால் மருந்து குறையும்.

கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ்

உணவு இடைவினைகளில் மிகவும் அறியப்பட்டது கிரேப்ஃப்ரூட் பழத்தினுடையது. பெயரில் திராட்சை இருப்பினும் இதற்கும் திராட்சைக்கும் தொடர்பில்லை. இது பம்பளிமாசும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து உருவான எலுமிச்சைக் குடும்பப் பழம். இதன் விளைவு தற்செயலாகவே வெளிப்பட்டது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து இலண்டன் நகரில் டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிப்பின் என்ற குருதியழுத்த மருந்துக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைக்க அவர்கள் கிரேப்ஃப்ரூட் சாற்றைப் பயன்படுத்தினர். மருந்தின் அளவு எதிர்பார்த்ததை விடப் பன்மடங்கு உயர்ந்தது. காரணம் மது அன்று, சாறே என்பது தெரியவந்தது. இதன் முதல் அறிக்கை 1989 இல் வெளியானது.

இப்பழத்தில் உள்ள ஃபுரானோகூமரின்கள் எனும் வேதிப்பொருள்கள் குடலிலுள்ள சிஒய்பி3ஏ4 நொதியை மீளமுடியாதவாறு செயலிழக்கச் செய்கின்றன. உடல் புதிய நொதியை ஆக்கிய பின்னரே பழைய நிலை திரும்பும். இதற்கு ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகலாம். ஆகையால் மாத்திரையைக் காலையிலும் பழத்தை மாலையிலும் எடுத்துக்கொள்வதால் பயனில்லை. பழத்தை முற்றாகத் தவிர்ப்பதே வழி.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிரேப்ஃப்ரூட்டை விடப் பம்பளிமாஸே பழக்கமானது. அதிலும் ஃபுரானோகூமரின்கள் உள்ளன. டாக்ரோலிமஸ் எடுத்துவந்த ஒருவருக்குப் பம்பளிமாஸ் உண்டபின் மருந்தளவு உயர்ந்ததாக அறிக்கை உண்டு. வெளிநாட்டு அறிவுரைத் தாள்களை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுக்கும்போது இப்பழத்தின் பெயர் விடுபட்டுப் போவது பெருங்குறையாகும். வழக்கமான இனிப்பு ஆரஞ்சுக்கு இவ்விளைவு இல்லை.

அளவை உயர்த்தும் மருந்துகள்

கீட்டோகோனசோல், வோரிகோனசோல், இட்ராகோனசோல் ஆகிய பூஞ்சை எதிர்ப்பு மருந்துகளும், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளும், டில்டியசெம், வெரபாமில் ஆகிய குருதியழுத்த மருந்துகளும் நொதியைத் தடுக்கின்றன. எரித்ரோமைசினின் உறவான அசித்ரோமைசினுக்கு இவ்விளைவு மிகக் குறைவு. எச்ஐவி மருந்தான ரிட்டோனாவிரின் தடுப்பாற்றல் மிகவும் கடுமையானது. கோவிட்-19 நோய்க்கு அமெரிக்காவில் 2021 திசம்பரில் அவசரகால ஒப்புதல் பெற்ற நிர்மாட்ரெல்விர் மாத்திரையுடன் ரிட்டோனாவிரும் சேர்த்தே தரப்படுகிறது. ஐந்து நாள் மருந்துதான் என எண்ணி இதைத் தொடங்கிய உறுப்பு மாற்று நோயாளிகள் சிலருக்கு டாக்ரோலிமஸ் நச்சு அளவை எட்டியது.

இவ்விடைவினை நன்மைக்கும் பயன்பட்டுள்ளது. சைக்ளோஸ்போரின் விலை மிகுந்த மருந்து என்பதால், இந்தியா உட்படப் பல நாடுகளில் மருத்துவர்கள் டில்டியசெம் அல்லது கீட்டோகோனசோலை வேண்டுமென்றே சேர்த்துக் கொடுத்து, குறைந்த அளவு சைக்ளோஸ்போரினைக் கொண்டே தேவையான குருதி அளவை எட்டினர். இத்தகைய நோயாளி, சேர்க்கப்பட்ட அந்த மலிவான மாத்திரையைத் தேவையற்றதெனக் கருதி நிறுத்திவிட்டால் நிராகரிப்பு நேரக்கூடும்.

அளவைக் குறைக்கும் மருந்துகள்

காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் இவற்றுள் முதலிடம் பெறுகிறது. உறுப்பு மாற்றுப் பெற்றவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பிறரை விட அதிகம். காசநோய் பரவலாக உள்ள இந்தியா போன்ற நாடுகளில் இச்சிக்கல் அன்றாட மருத்துவத்தில் எதிர்ப்படுவது. ரிஃபாம்பிசின் குடலிலும் கல்லீரலிலும் சிஒய்பி3ஏ4 நொதியின் ஆக்கத்தைப் பெருக்குகிறது. பழைய குருதி அளவைத் தக்கவைக்கச் சைக்ளோஸ்போரினின் அளவைப் பல மடங்கு உயர்த்த நேரிடும். நொதி பெருகச் சில நாட்களும், முழு விளைவு தெரிய ஓரிரு வாரங்களும் ஆவதால், முதல் சில நாட்களின் குருதிச் சோதனை தவறான நிம்மதியைத் தரக்கூடும்.

காசநோய் மருந்து முடியும் நாளும் இதே அளவுக்கு இடர் மிக்கது. ரிஃபாம்பிசின் நின்றபின் ஏறத்தாழ இரு வாரங்களில் நொதி பழைய நிலைக்குத் திரும்புகிறது. உயர்த்திய அளவு அப்படியே தொடருமானால், குணமடைந்த நோயாளி சைக்ளோஸ்போரின் நச்சுக்கு ஆளாவார். ரிஃபாபுட்டின் என்ற மாற்று மருந்துக்கு இத்தூண்டல் குறைவு. வலிப்பு மருந்துகளான ஃபெனிட்டோயின், கார்பமசெப்பின், ஃபீனோபார்பிட்டால் ஆகியனவும் அளவைக் குறைக்கின்றன.

அசத்தியோப்பிரினும் அலோபியூரினாலும்

இந்த இடைவினை வேறொரு நொதியைச் சார்ந்தது. அசத்தியோப்பிரின் உடலில் 6-மெர்காப்டோபியூரினாக மாறுகிறது. அதைச் சிதைக்கும் நொதிகளுள் சாந்தைன் ஆக்சிடேஸ் ஒன்று. யூரிக் அமிலம் படிவதால் வரும் கீல்வாதத்துக்குத் தரப்படும் அலோபியூரினால் இதே நொதியைத் தடுக்கிறது. அசத்தியோப்பிரினின் அளவை வழக்கமான அளவின் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்காகக் குறைக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், எலும்பு மச்சை ஒடுங்கி வெள்ளணுக்கள் உயிருக்கு ஆபத்தான அளவுக்குக் குறையும்.

இது எதிர்பாராமல் நேர்ந்த விளைவு அன்று. ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் குழுவினர் 6-மெர்காப்டோபியூரினின் சிதைவைத் தடுத்து அதன் ஆற்றலைப் பெருக்கும் நோக்குடனேயே அலோபியூரினாலை முதலில் ஆராய்ந்தனர். கீல்வாதப் பயன் பின்னர் வந்தது. இருவரும் 1988 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

மூலிகைகள்

ஐரோப்பாவில் மனச்சோர்வுக்கு மருந்துச் சீட்டின்றி விற்கப்படும் புனித ஜான் பூண்டு நொதியைத் தூண்டவல்லது. சூரிச் நகரில் இதை உட்கொண்ட இரு இதய மாற்று நோயாளிகளுக்குச் சைக்ளோஸ்போரின் அளவு வீழ்ந்து நிராகரிப்பு ஏற்பட்டதை 2000 இல் லான்செட் இதழ் வெளியிட்டது. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் மரமஞ்சளில் பெர்பெரின் உள்ளது. சீனாவில் சிறுநீரக மாற்றுப் பெற்றவர்களிடம் நடந்த ஆய்வில் பெர்பெரின் சைக்ளோஸ்போரின் அளவை உயர்த்தியது. மிளகிலுள்ள பைப்பெரின் ஆய்வுக்கூடச் சோதனைகளில் நொதியையும் பி-கிளைக்கோபுரதத்தையும் தடுக்கிறது. சமையலில் சேரும் அளவையும், செறிவூட்டிய மாத்திரை அல்லது சூரணத்தில் உள்ள அளவையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

பிற இடைவினைகள்

நொதியோடு தொடர்பற்றவையும் உள. சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமசும் குருதியில் பொட்டாசியத்தை உயர்த்துவதால், இளநீர், வாழைப்பழம் முதலியவற்றை மிகுதியாக உட்கொள்வது இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநீக்கிகள் சிறுநீரகப் பாதிப்பைக் கூட்டும். சைக்ளோஸ்போரினுடன் சிம்வாஸ்டாட்டின் சேர்ந்தால் தசைநார்கள் சிதையக்கூடும். அலுமினியம், மக்னீசியம் கலந்த அமிலநீக்கிகள் மைக்கோஃபீனோலேட் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. உணவு டாக்ரோலிமஸ் உறிஞ்சப்படுவதைக் குறைப்பதால், வெறும் வயிற்றிலோ, இயலாவிடில் நாள்தோறும் ஒரே முறையிலோ அதை எடுக்குமாறு கூறப்படுகிறது. அதன் அளவு, அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன் எடுக்கும் குருதியில் சோதிக்கப்படும். உறுப்பையும் காலத்தையும் பொறுத்து இலக்கு மாறினும், அது பெரும்பாலும் மில்லிலீட்டருக்கு 5 முதல் 15 நானோகிராம் வரை இருக்கும்.